அவசரம்: சீ-டூவா, யமஹாவா, கவாசாகியா?

மணல்திட்டு:
தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர் ஒன்று வாங்க நாளைக்கு முன்பணம் கட்ட வேண்டும். மூன்று பிராண்டும் பார்த்தாகிவிட்டது, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுத்தால் பின்னால் தலைவலி இருக்காது? சீக்கிரம் சொல்லுங்கள்.

நங்கூரம்:
கடலா ஏரியா? எத்தனை பேர் ஏறுவீர்கள்? புதிதா பழையதா? இது தெரியாமல் என்ன சொல்வது?

உப்புக்காற்று:
யோசிக்காமல் யமஹா எடுங்கள். சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 1.8 லிட்டர் எஞ்சின் போதும். உழைக்கும், அதிகம் தொந்தரவு தராது.

துடுப்பு:
கடல் என்றால் சீ-டூதான். அதன் ரோட்டாக்ஸ் எஞ்சினில் கார் மாதிரி கூலன்ட் தனியாகச் சுற்றும். மற்ற இரண்டும் வெளித்தண்ணீரை இழுத்துத்தான் எஞ்சினைக் குளிர வைக்கின்றன, உப்பு நேராக உள்ளே போகும்.

நங்கூரம்:
பாதி தெரிந்துகொண்டு எழுதாதீர்கள் தம்பி. சீ-டூவிலும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் கடல்தண்ணீர்தான் போகிறது. எதுவானாலும் ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முதலில் எஞ்சின், உடனே தண்ணீர். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, அப்புறம் எஞ்சினை அணைக்க வேண்டும். இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்!

உப்புக்காற்று:
அண்ணா சொல்வது உண்மை. நான் ஒருமுறை எஞ்சினை முதலில் அணைத்துவிட்டேன். தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக ஏறிவிட்டது. பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் ஓட்டையிலிருந்து பீய்ச்சியடித்தது. தண்ணீர் கலந்து ஆயில் பால்போல வெளுத்திருந்தது.

கரையோரம்:
என் ஜெட் ஸ்கியும் சீ-டூதான், நன்றாகவே ஓடுகிறது.

நங்கூரம்:
ஜெட் ஸ்கி என்பது கவாசாகியின் பெயர். சீ-டூவை அப்படிச் சொல்லக் கூடாது.

கரையோரம்:
ஊரே அப்படித்தானே சொல்கிறது! முதலில் வந்ததும் சீ-டூதான், 1968இல்.

நங்கூரம்:
வந்து, எடுபடாமல் நின்றும் போனது. 1988இல்தான் திரும்பி வந்தது. அதற்கிடையே, எழுந்து நின்றபடி ஓட்டும் வண்டியை 1970களிலேயே விற்றுக் காட்டியது கவாசாகி.

துடுப்பு:
கேட்டவரை விட்டுவிட்டோமே. பிரேக்கையும் பாருங்கள் நண்பரே. சீ-டூவில் 2009 முதல் ஐபிஆர் என்ற பிரேக், யமஹாவில் 2015 முதல் ரைடு என்ற பிரேக். பிரேக் இல்லாத பழைய வண்டியில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விட்டுவிட்டால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் திரும்பாது. புதிதாக ஓட்டுபவர் பயத்தில் முதலில் விடுவது த்ராட்டிலைத்தான்.

மணல்திட்டு:
கடல். நாங்கள் இருவர், கூட ஒரு பிள்ளை. பழைய சீ-டூ, சூப்பர்சார்ஜர் உண்டு, 140 மணி நேரம் ஓடியது.

நங்கூரம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! பழைய ரோட்டாக்ஸ் சூப்பர்சார்ஜர்களில் சில செராமிக் (பீங்கான் வகை) வாஷரோடு வந்தவை. அது உடைந்தால் துண்டுகள் ஆயிலோடு எஞ்சினுக்குள் போகும். 100 மணி நேரத்துக்குள் பிரித்துச் சரிசெய்திருக்க வேண்டும். பில் கேளுங்கள்.

மணல்திட்டு:
கேட்டேன். பில் இல்லையாம். முன்பணம் கட்டவில்லை. நன்றி.