புதுப்பிப்பு: பாலக்காட்டுப் பூங்கா நாட்டுப்புற இசை விழா

சின்னப் பிள்ளைகளோடு போகலாமா, குப்பை மேடாகிவிடுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, தாராளமாகப் போகலாம்.

இடம் கோட்டையை ஒட்டிய பூங்கா. சாப்பாடு வாழையிலையில், சுக்குவெள்ளம் (சுக்குத் தண்ணீர்) எவர்சில்வர் தம்ளரில். 2020 முதல் கேரளத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சட்டம் இருப்பது வேறு, இப்படிக் கடைப்பிடிப்பது வேறு. தம்ளர் கழுவுமிடத்தில் மட்டும் தள்ளுமுள்ளு.

எங்கள் வாண்டுகளை அசையவிடாமல் வைத்தது புள்ளுவன் பாட்டு, கேரளத்தின் நாக வழிபாட்டுப் பாட்டு. மண்குடத்தில் தோல் போர்த்தி, அதிலிருந்து இழுத்துக் கட்டிய ஒற்றை நரம்பு. பாடிய அம்மா அதைச் சுண்டியதும் 'ம்வோங்' என்று அடிவயிற்றில் இறங்கியது. அடுத்து நம்ம பம்பை, உடுக்கை. தோற்பாவைக்கூத்தில் கம்பராமாயணப் பாட்டைக் கேட்டு என் மாமியார் கூடவே முணுமுணுத்தார்.

ஸ்பீக்கர் காதைக் கிழிக்குமா என்று கேட்ட கொழிஞ்சாம்பாறை அண்ணா, பம்பைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. காரை விட்டுட்டு பஸ்ஸில் வாங்க.