ஈயக்குண்டு வார்த்தால் கை கடுக்கிறது: வழி சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையை ஒட்டி வரும். அதற்குள் எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் தூண்டில் நூலில் எடைக்குக் கட்டும் ஆறு அவுன்ஸ் ஈயக்குண்டுகளை வார்த்து முடிப்பது வழக்கம். அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை என் பொறுப்பு. கொல்லையில் எரிவாயு அடுப்பு, அதன்மேல் மூன்று கால் இரும்புப் பானை, நீளக் காம்புக் கரண்டி, நான்கு குழி இரும்பு அச்சு. இடது கையால் அச்சின் பிடிகளை இறுக்கிக்கொண்டு வலது கையால் ஊற்றுகிறேன்.

அரை மணி நேரம் போவதற்குள் இடது முன்கை இறுகிவிடுகிறது. முழங்கையின் வெளிப்பக்கத்தில் மறுநாளும் வலி. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் சுரீர் என்கிறது. வலது தோளும் கடுக்கிறது. நீளத் தூண்டிற்கோலை அலைக்கு அப்பால் வீச வேண்டியதும் இதே கைகள்தான். அலுமினிய அச்சு வாங்கினால் தீருமா?

டொங்காட் தூண்டில்:
வாங்குங்கள். அதே அளவு அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். ஆனால் மென்மையான உலோகம். ஒட்டிய ஈயத்தை இரும்புக் கம்பியால் சுரண்டாதீர்கள்.

இசிப்பிங்கோ வார்ப்புக்காரர்:
தம்பி, அச்சை மாற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஊற்றுவது சில நொடி வேலை. ஆறு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 170 கிராம். நான்கு குழியிலுமாக 680 கிராம் ஈயம். அது உறையும் வரை இரும்பையும் ஈயத்தையும் சேர்த்து அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, பிடிகளையும் நெரித்தபடி நிற்கிறீர்கள். அசையாமல் இறுக்கிப் பிடித்த தசைக்குள் இரத்தம் சரியாக ஓடாது. தூக்கி இறக்கும் கையைவிடப் பிடித்து நிற்கும் கை சீக்கிரம் ஓய்ந்துபோவது அதனால்தான்.

ஆகவே அச்சைக் கீழே வையுங்கள். நன்றாக உலர்ந்த இரண்டு செங்கல், மேலே ஓர் இரும்புத் தகடு. அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கரண்டி பயணப்படும் தூரமும் குறையும். அச்சின் இரு பாதிகளையும் ஓர் இரும்புக் கிளாம்ப் கவ்விப் பிடிக்கட்டும். பிளாஸ்டிக் முனை உள்ள கிளாம்ப் உருகிவிடும், வேண்டாம். நூல் கட்டுவதற்கான வளையக் கம்பிகளைச் செருகுவது, ஊற்றுவது, உறைய விடுவது எல்லாம் அச்சு தகட்டில் இருக்கும்போதே நடக்கலாம். குண்டுகளை வெளியே தட்டும்போது மட்டும் கையில் எடுத்தால் போதும்.

தோள் வலிக்குக் காரணம் உயரம். அச்சின் மேல்விளிம்பு உங்கள் முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். தோளை உயர்த்தி ஊற்றவே கூடாது. கரண்டியையும் பாருங்கள். நான்கு குழிக்கும் ஒரே தடவையில் மொண்டால் முக்கால் கிலோ எடை நீளக் காம்பின் நுனியில் தொங்கி மணிக்கட்டை முறிக்கும். ஒரு குழிக்குத் தேவையானதைவிடச் சற்று அதிகமாக மட்டும் மொள்ளுங்கள். குறைந்துபோய் மறுபடி ஊற்றினால் குண்டில் கோடு விழும்.

சாட்ஸ்வொர்த் தம்பி:
நன்றி ஐயா. கீழே வைத்தால் அச்சு ஆறிவிடாதா? ஆறிய அச்சில் குண்டு சுருக்கம் சுருக்கமாக வருகிறது. அந்த அவசரத்தில்தான் ஓய்வே எடுக்காமல் வார்க்கிறேன்.

இசிப்பிங்கோ வார்ப்புக்காரர்:
தகட்டை முதலிலேயே சூடாக்கிக்கொள்ளுங்கள், ஆறாது. ஓய்வெடுக்கும்போது அச்சைப் பானையின் விளிம்பருகே, தீ நேராகப் படாமல் வையுங்கள். திரும்பி வந்ததும் முதல் வார்ப்பு சுருங்கினால் கவலை எதற்கு? அதைத் திரும்பப் பானையில் போடுங்கள். ஈயம் எங்கும் ஓடிவிடாது, கைதான் முக்கியம்.

வெருலம் அக்கா:
நிறைய வார்ப்பவர் என்றால் அடியில் குழாய் உள்ள மின்சாரச் சட்டியையும் யோசியுங்கள் தம்பி. அச்சைக் குழாய்க்கு அடியில் தள்ளி நெம்புகோலைத் தூக்கினால் ஈயம் இறங்கும், கரண்டிக்கே வேலையில்லை. பத்துக் கிலோ சட்டி ஐம்பது குண்டுக்கு மேல் தரும். மின்வெட்டு நாளில் எரிவாயுவே துணை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். களைத்த கை தடுமாறும், ஈயமோ 327 டிகிரியில்தான் உருகவே தொடங்குகிறது. கை நடுங்கத் தொடங்கினால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் வெளியே கிடந்த பழைய ஈயத்தை உருகிய பானைக்குள் அப்படியே போடாதீர்கள். ஒரு சொட்டு நீர் ஈயத்துக்கு அடியில் போனாலும் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும். தோல் கையுறை, கண்ணாடி, மூடிய காலணி கட்டாயம். அந்த மூன்று கால் பானையில் இனி ஒருநாளும் கறி சமைக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுப்பை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள். ஈயத்தூசி சிறு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.

டொங்காட் தூண்டில்:
முழங்கையின் வெளிப்பக்க வலி டென்னிஸ் எல்போ போலத் தெரிகிறது, தம்பி. டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும், இப்படி இறுக்கிப் பிடித்து வேலை செய்தால் வரும். வலி தணியும் வரை வார்ப்பதைத் தள்ளிப்போட்டு, பிசியோதெரபி நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த முறைக்கு வேண்டிய குண்டுகளை நான் வார்த்துத் தருகிறேன். எத்தனை வேண்டும், மணலில் ஊன்றிப் பிடிக்கும் கம்பிக்கால் வைத்ததா வைக்காததா என்று மட்டும் சொல்லுங்கள்.