நாஸ்டால்ஜியா: ‘நினைவிரக்கம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த காலத்தை நினைத்து உருகும் உணர்வைச் சொல்லும் ‘நாஸ்டால்ஜியா’ (nostalgia) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்பதே பேச்சு. முதலில் ஒரு கேள்வி:

> ‘பழைய நினைவு’ என்றே எழுதிவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

பழைய நினைவில் வலி இருக்க வேண்டியதில்லை. நாஸ்டால்ஜியாவில் பாதி வலிதான். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் மருத்துவ ஆய்வேட்டுக்காக உண்டாக்கிய சொல் இது. வீடு திரும்புதலைக் குறிக்கும் ‘நோஸ்டோஸ்’, வலியைக் குறிக்கும் ‘ஆல்கோஸ்’ என்ற இரு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். அதனால் பண்டைய கிரேக்கக் கவி ஹோமர் காலத்துச் சொல் என்று எண்ணிவிடக் கூடாது. ஹோமரின் காப்பியத்தில் கடற்கரையில் அமர்ந்து ஊரை நினைத்து அழும் நாயகன் ஒடிசியஸுக்கு நோய் இருந்தது, நோய்க்குப் பெயர் இல்லை.

ஆம், முதலில் இது நோய்தான். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களோடு சேர்த்தே பேசப்பட்டது. மாடு மேய்ப்போரின் மெட்டு ஒன்றைக் கேட்டால் அவர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள் என்பதால் அதை இசைப்போருக்கு மரண தண்டனை என்று தத்துவ அறிஞர் ரூசோ தம் இசை அகராதியில் எழுதினார். ஊரைப் பற்றிய சொல் காலத்தின்மேல் தாவியது பிற்பாடுதான்.

இங்கேதான் நாஸ்டால்ஜியாவுக்கு ‘நினைவேக்கம்’ என்ற தமிழாக்கம் எனக்கு உறுத்துகிறது. ஏக்கம் கிடைக்காததைப் பார்த்து நிற்பது. கிடைத்துக் கழிந்துபோனதற்கு இரங்குவதே தமிழ் வழக்கு. ‘கழிவிரக்கம்’ அச்சாகப் பொருந்தியிருக்கும். ஆனால் விமர்சகர்கள் அதைத் தன்னிரக்கத்துக்கு எழுதிவைத்துவிட்டார்கள், இனி மீட்க முடியாது.

புறநானூறு 243ஐப் பாருங்கள். மருதமரக் கிளையேறி, கரையில் நிற்போர் மருள, மடுவில் ‘துடுமெனப்’ பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த இளமையை ஒரு கிழவர் சொல்கிறார். இப்போது கையில் ஊன்றுகோல். இருமலுக்கு இடையே சில சொற்கள். பாட்டின் தொடக்கமே ‘இனிநினைந்து இரக்கம் ஆகின்று’. நாஸ்டால்ஜியாவுக்கு இதைவிட நல்ல வரையறை எந்த அகராதியிலும் நான் கண்டதில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘நினைவிரக்கம்’. ஹோஃபர் சொன்ன பழைய மருத்துவப் பொருளுக்கு ‘ஊரேக்கம்’ தனியே இருக்கட்டும்; ஊருக்குத் திரும்ப வழியுண்டு, அங்கே ஏக்கம் தகும். இரக்கம் என்றால் இன்று கருணைதானே என்று கேட்பீர்கள். முன்னே ‘நினைவு’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. ‘இரங்கல் கூட்டம்’ என்பதைக் கருணைக் கூட்டம் என்று யாரும் படிப்பதில்லையே. வினைக்கும் தனியாக அலைய வேண்டாம்: ‘நினைந்து இரங்கினார்’ என்றே எழுதலாம்.