26 வாரக் கர்ப்பம், ரெண்டு பிள்ளைங்க, வீட்டுலயே பாடம்: தொடர்றதா, பள்ளியில சேர்க்கிறதா?

மாடிவீடு:
வேலூர் சத்துவாச்சாரி, முதல் மாடி. பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 4. ரெண்டு பேருக்கும் வீட்டுலயேதான் படிப்பு, பொண்ணு ரெண்டாம் வகுப்புப் பாடத்துல இருக்கா. இப்ப 26 வாரம், மே கடைசியில பிரசவத் தேதி குடுத்திருக்காங்க. அவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. மாமியார் கூடவே இருக்காங்க, ஆனா முட்டி வலி. பாடத்தைத் தொடரலாமா, பொண்ணைப் பக்கத்து அரசுப் பள்ளியில சேர்த்துடலாமான்னு வீட்டுல ரெண்டு கட்சி. "உங்க இஷ்டம்"னு மட்டும் சொல்லாதீங்க, காரணத்தோட சொல்லுங்க.

சாக்பீஸ்:
சேர்த்துவிடுங்கம்மா. முதல் காரணம் படிப்பே இல்லை, அடுப்பு. அரசுத் தொடக்கப் பள்ளியில 1 முதல் 5 வரைக்கும் காலை உணவு உண்டு: உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சாம்பாரோட. மதியம் சத்துணவு, அதுல முட்டை. வாரத்துல அஞ்சு நாள் ஒரு பிள்ளைக்கு ரெண்டு வேளைச் சமையல் குறையுது. எட்டாம் மாசத்துல அது சின்ன விஷயம் இல்லை.

ரெண்டாவது, சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 10-வது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில சேர்க்கிறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது. 4-வது பிரிவுப்படி இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயசுக்கு ஏத்த வகுப்புலதான் சேர்க்கணும். 7 வயசுக்கு ரெண்டாம் வகுப்பு. டி.சி. இல்லைன்னு திருப்பி அனுப்ப முடியாது.

குட்டிப்பள்ளி:
சட்டத்தைப் பாதியில நிறுத்திட்டீங்களே சார். அந்த 10-வது பிரிவை மீறினா இன்ன தண்டனைன்னு சட்டத்துல ஒரு வரி கிடையாது. வீட்டுக் கல்வியைக் கூடாதுன்னு பேர் சொல்லித் தடுக்கவும் இல்லை. பின்னாடி சான்றிதழ் வேணும்னா தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு, அதுல ஏ, பி, சி நிலைகள் 3, 5, 8-ம் வகுப்புக்குச் சமம். நம்ம மாநிலத்துலயே பன்னிரண்டரை வயசு முடிஞ்சா எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம்.

மாடிவீடு, 7 வயசுக்கும் 4 வயசுக்கும் மொத்தப் பாடம் ஒரு மணி நேரத்துக்கு மேல தேவையில்லை. பள்ளியில 30 பிள்ளைக்கு ஆகுற நேரத்தை வீட்டுல ரெண்டு பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கிறதாலதான் மலைப்பா தெரியுது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காலை 7 முதல் 8 வரைக்கும் முடிச்சுடுங்க. சின்னவனுக்குத்தான் முதல்ல. பத்து நிமிஷம், தட்டுல கேழ்வரகு மாவைப் பரப்பி விரலால ட, ப, ம. நேர்க்கோடு அதிகமுள்ள எழுத்து முதல்ல, வளைவெல்லாம் பின்னாடி. பெரிய பிள்ளையை முதல்ல உட்கார வெச்சா சின்னவன் வந்து நோட்டைக் கிழிப்பான், அது குறும்பு இல்லை, தன் முறை வரலைங்கிற அவசரம். அவன் வயிறும் மனசும் நிறைஞ்சா அடுத்த அரை மணி தானா விளையாடுவான். 10 மணிக்கு ஏதாவது தின்னக் குடுங்க, 10.30-க்கு வர்ற அழுகையில பாதி பசிதான்.

புளியங்கொட்டை:
ஒரு மணி நேரம்னு எழுதுறது சுலபம்ங்க. அதுக்கு முன்னாடி தண்ணி பிடிக்கணும், மாவு ஆட்டணும், முதல் மாடிக்கு ஏறி இறங்கணும். வேலூர்ல காவிரித் தண்ணி தினமுமா வருது? வர்ற அன்னிக்கு பாடமாவது பள்ளியாவது. அந்தக் கணக்கை யாரும் போட மாட்டேங்கறீங்க.

குட்டிப்பள்ளி:
போடுவோமே. 15 லிட்டர் குடத்தை அவங்க தூக்கவே கூடாது. தண்ணி வர்ற அன்னிக்கு அதுதான் பாடம்: 1 லிட்டர் பாட்டில் எத்தனை ஊத்தினா குடம் நிறையும்னு பொண்ணு எண்ணட்டும், பாட்டிலைத் தூக்குறது அவ, குடத்தை நகர்த்துறது அப்பா. அளவைப் பாடம் முழுக்க வீட்டுல கிடக்கு. 8 ஆழாக்கு ஒரு படி. அரிசியை அளந்து போடவெச்சா கால், அரை, அரைக்கால் எல்லாம் கையில வந்துடும். இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு உளுந்துன்னா அதுவே விகிதம்.

சாக்பீஸ்:
இந்த "சமையலறையே பள்ளிக்கூடம்" பேச்சு கேட்க நல்லா இருக்கும். ஆழாக்குல அரிசி அளக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு 47 + 38 தாள்ல போடத் தெரியாம நிக்கிறது சகஜம். ஏன்னா பத்தை அடுத்த இடத்துக்கு மாத்திப் போடுற கணக்கு தானா வராது. பத்துப் புளியங்கொட்டையை ஒரு முடிச்சாக் கட்டி, 7-உம் 8-உம் சேர்ந்து 15 ஆனதும் அதுல பத்தைத் தனி முடிச்சாக் கட்டி அடுத்த வரிசைக்குத் தள்ளணும். மூணு வாரம் விடாம செய்யணும். கடைசி மாசத்துல அந்த "விடாம" எங்கிருந்து வரும்? அதுதான் என் கேள்வி.

செவிலி_காட்பாடி:
ரெண்டு பேரும் பிள்ளையைப் பத்தியே பேசுறீங்க, தாயைப் பத்தி நாலு விஷயம்.

இது மூணாவது. மூணாவது பிரசவம் பெரும்பாலும் முந்தினதை விடச் சீக்கிரம் நடக்கும், அதனால வலி எடுத்தா "பார்க்கலாம்"னு உட்காரக் கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தா ரத்தசோகை, பிரசவத்துல ரத்தம் போனா தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, பால், கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போட்டா உடம்புல சேராது. கால்சியம் சாப்பாட்டோட, இரும்பு மாத்திரை அதுக்கு ரெண்டு மணி நேரம் தள்ளி. கொஞ்சம் எலுமிச்சை ஜூஸோ கொய்யாவோ கூட எடுத்தா நல்லது. மலம் கறுப்பாப் போனா பயப்பட வேணாம்.

அந்த மாத்திரையைப் பத்தி இன்னொண்ணு, வீட்டுல நாள் பூரா பிள்ளைங்க இருக்கிறதால சொல்றேன். சிவப்பா, வழவழன்னு மிட்டாய் மாதிரியே இருக்கும். ஒரு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு. 15 கிலோ எடையுள்ள 4 வயசுப் பையன் அஞ்சு முழுங்கினாலே வாந்தி, வயித்துவலி ஆரம்பிக்கும். 15 முழுங்கினா உயிருக்கே ஆபத்து. ஜன்னல் விளிம்பு, ஃப்ரிட்ஜ் மேல, தலையணைக்குக் கீழே எல்லாம் வேணாம், பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. "எண்ணிக் குடு கண்ணு"ன்னு மாத்திரை அட்டையை கணக்குப் பாடத்துக்கும் எடுக்காதீங்க. முழுங்கிட்டான்னு தெரிஞ்சா வாந்தி எடுக்க வைக்கிறேன்னு நேரம் போக்காம நேரா ஆஸ்பத்திரி.

தலைவலியோட கண் மங்கல், முகம் கை வீக்கம், ரத்தக் கசிவு, பனிக்குடம் உடையுறது, அசைவு குறையுறது: இதுல எது வந்தாலும் பாடத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க.

குட்டிப்பள்ளி:
நன்றி சிஸ்டர். அசைவுன்னதும் ஒண்ணு. சாப்பிட்டு ஒருக்களிச்சுப் படுத்து அசைவு எண்ணச் சொல்றாங்களே, ரெண்டு மணி நேரத்துல பத்து வரணும்னு. அந்த நேரத்துல அம்மா "ம்"னு சொல்ல, பொண்ணு சிலேட்டுல நாலு கோடு போட்டு அஞ்சாவதைக் குறுக்கே இழுக்கலாம். ரெண்டு கட்டு ஆனா பத்து. அஞ்சஞ்சா எண்ற பாடமும் ஆச்சு, அம்மா படுத்த மாதிரியும் ஆச்சு.

சாக்பீஸ்:
இது வேணாம்மா. என்னிக்காவது ரெண்டாவது கட்டு நிறையலைன்னா அந்தப் பயம் 7 வயசுப் பிள்ளை தலையில விழும். அதுக்குக் கணக்குதான் வேணும், கவலை வேணாம்.

செவிலி_காட்பாடி:
சார் சொல்றது சரி. எண்றது அம்மா வேலை. பொண்ணு வேணும்னா வயித்து மேல கை வெச்சுப் பார்க்கட்டும்.

புளியங்கொட்டை:
அப்ப பள்ளிக்கூடம்தான் சரின்னு முடிச்சுடலாமா? இல்லை. ஒருத்தரும் சொல்லாதது: பள்ளிக்குப் போற பிள்ளை சளி, காய்ச்சலோட அம்மையையும் கொண்டு வரும். கர்ப்பிணிக்குச் சின்னம்மை முன்ன வந்ததில்லைன்னா?

செவிலி_காட்பாடி:
நல்ல கேள்வி. பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடியில இருந்து ரெண்டு நாள் பின்னாடி வரைக்கும் தாய்க்குச் சின்னம்மை போட்டா குழந்தைக்கு ரொம்ப ஆபத்து. சின்ன வயசுலயே வந்து போயிருந்தா கவலை இல்லை. வந்துச்சா இல்லையான்னு தெரியலைன்னா இப்பவே டாக்டர்கிட்ட கேளுங்க. கர்ப்பத்துல அதுக்குத் தடுப்பூசி போட முடியாது. தொத்தினதுல இருந்து 10 முதல் 21 நாளுக்குள்ள தெரியும். ஆனா இதுக்காகப் பள்ளியே வேணாம்னு சொல்ல மாட்டேன், மாடிப்படியில விளையாடுற பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட இருந்தும் வரும்.

வீட்டுலயே படிக்கிற பிள்ளைங்களுக்கு விட்டுப்போறது வேற ஒண்ணு இருக்கு: பள்ளியில குடுக்கிற பூச்சி மாத்திரை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. அங்கன்வாடியில கேட்டா பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் குடுப்பாங்க. 5 வயசு முடிஞ்சதும் போடுற முத்தடுப்பு ஊசி பொண்ணுக்குப் போட்டாச்சான்னு அட்டையைப் பாருங்க.

சாக்பீஸ்:
இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். வழக்கமா என்ன பண்ணுவாங்க? "பாப்பா பொறக்கட்டும், ஜூன்ல சேர்த்துக்கலாம்"னு விடுவாங்க. உங்க தேதி மே கடைசி, பள்ளி திறக்கிறது ஜூன். பத்து நாள் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு காலையில பொண்ணுக்குத் தலை பின்னி அனுப்பணும். அதுவரைக்கும் அம்மா கூடவே இருந்த பிள்ளை, பாப்பா வந்ததும் வெளியே அனுப்பப்பட்டா என்ன நினைக்கும்? "அது வந்துச்சு, நம்மளத் துரத்திட்டாங்க"ன்னுதான். அந்தக் கோபம் பள்ளி மேலயும் திரும்பும், தொட்டில் மேலயும் திரும்பும். சேர்க்கிறதுன்னா மார்ச் முதல் வாரமே சேர்த்துடுங்க. ஆண்டுத் தேர்வு வரைக்கும் போய் டீச்சர் முகம், மணிச் சத்தம், சத்துணவு வரிசை எல்லாம் பழகிடும். லீவுல தம்பியோ தங்கச்சியோ வரும். ஜூன்ல பழைய இடத்துக்கேதான் திரும்பிப் போறா.

குட்டிப்பள்ளி:
இதை ஒத்துக்கறேன் சார். ஆனா முடிவு எனக்கு வேற. மார்ச்சுல முடியலைன்னா ஜூன்ல சேர்க்காதீங்க, அதுக்கு அடுத்த ஜூன் வரைக்கும் வீட்டுலயே இருக்கட்டும். நடுவுல அவசரமா இழுத்துக்கிட்டுப் போறதுதான் தப்பு.

அந்த "விடாம"வுக்குப் பதில்: முன்கூட்டியே கட்டி வைக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் 30 எடுங்க. ஒவ்வொண்ணுலயும் பார்த்து எழுத நாலு வரி, எட்டுக் கணக்கு, வாசிக்க ஒரு சின்னப் பத்தி. எட்டுல அஞ்சு நல்லாத் தெரிஞ்ச கணக்கு, ரெண்டு இந்த வாரத்தது, ஒண்ணு மட்டும் கஷ்டமானது. கஷ்டமானதே நாலு இருந்தா அம்மாவைக் கூப்பிடுவா, அப்புறம் கவர் கட்டி என்ன பிரயோஜனம்? நாளைக்கு மூணு கவர்னு போட்டா பத்து நாள் வேலை, 34 வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க. விடையை உள்ளே வைக்காதீங்க, பாட்டி பாசத்துல எடுத்துக் குடுத்துடுவாங்க. ஒரு நாளைக்கு ஒரு கவர்தான்னும் சொல்லி வைங்க, இல்லைன்னா ஒரே மத்தியானத்துல அஞ்சைப் பிரிச்சுட்டு மீதி நாள் டிவி ஓடும். அப்பா எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் வாசிப்பு அவர் பொறுப்பு, 20 நிமிஷம்.

பேறு முடிஞ்ச முதல் 40 நாள் புதுப் பாடம் எதுவும் வேணாம். கவர், கதை, பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு அஞ்சு கொட்டை, மொத்தம் 70-னு பொண்ணே கண்டுபிடிக்கட்டும்.

புளியங்கொட்டை:
70 கொட்டையும் 4 வயசுப் பையனும் ஒரே ரூம்லயா? மூக்குல போட்டுக்குவான்.

குட்டிப்பள்ளி:
அவன் தூங்கும்போதுதான் ஆடணும், சரியா? வரலாற்றுப் பாடத்துக்கு வேலூர்க் கோட்டை, 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகம் எல்லாம் அப்பா கூட காலை 9-க்குள்ள முடிக்கட்டும். அம்மா வேணாம், ஏப்ரல் வெயில்ல அந்தக் கல்தரையில நடக்க முடியாது.

செவிலி_காட்பாடி:
எந்த வழியில போனாலும் பொண்ணுக்கு ஒரு பாடம் கட்டாயம் சொல்லிக் குடுங்க. போன் லாக்ல இருந்தாலும் அவசர அழைப்புல 108 போடுறது எப்படின்னு. அழைக்காம அழுத்திக் காட்டவெச்சுப் பழக்குங்க. "அம்மாவுக்கு வலி, சத்துவாச்சாரி, இந்தத் தெரு, இந்தக் கோயில் எதிர்ல, முதல் மாடி"ன்னு மூச்சு விடாம சொல்லணும். பெரியவங்களே தெருப் பேரைச் சொல்லாம "சீக்கிரம் வாங்க"ன்னு வெச்சுடுறாங்க.

பை ஒண்ணு 36 வாரத்துல தயாரா இருக்கட்டும்: தாய் சேய் அட்டை, ஸ்கேன், ஆதார், பழைய காட்டன் துணி. மூணாவதுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை வராதுன்னு சொல்லிப் பதிவு பண்ணாம விடுறவங்க இருக்காங்க. கர்ப்பத்தைப் பதிஞ்சு பிக்மி எண் வாங்கிடுங்க, பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேப்பாங்க.

மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. சார், ஒரே ஒரு கேள்வி. பொண்ணை மத்தியானம் வரைக்கும் மட்டும் அனுப்ப முடியுமா? மீதிப் பாடம் வீட்டுல.

சாக்பீஸ்:
முடியாதும்மா. சேர்த்ததும் எமிஸ்ங்கிற மாணவர் பதிவு எண் விழும், வருகை முழு நாளுக்குத்தான். அரை நாள் வேணும்னா பையனுக்கு வழி இருக்கு, அங்கன்வாடி. காலையில விட்டுட்டு மதியச் சாப்பாடு முடிஞ்சதும் கூட்டிட்டு வரலாம், பாட்டி முட்டிக்குத் தோதான தூரத்துல இருந்தா. அப்படியே உங்களுக்கான சத்துமாவையும் வாங்கிக்குங்க. போறப்ப அவனோட பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஊசி அட்டை மூணும் கையில இருக்கட்டும்.

குட்டிப்பள்ளி:
பையனை வெளியே அனுப்பி, பொண்ணை வீட்டுல வெச்சா அந்தத் "துரத்திட்டாங்க" அவனுக்கு வராதா சார்?

சாக்பீஸ்:
வரும். அதனாலதான் அவனையும் மார்ச்சுலயே அனுப்பச் சொல்றேன்.