லினக்ஸ் சிஐ-யில் ரோலப் காணவில்லை: லாக் ஃபைலை அழிக்கலாமா, கூடாதா?

நடுக்கோடு:
நிலவரம் இது. நோட் 20, அதன் பேக்கேஜ்களை இறக்கும் கருவி என்பிஎம் 10. கோடை ஒன்றாகக் கட்டும் வேலை ரோலப்புடையது. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பில்ட் ஒழுங்காக ஓடுகிறது. சிஐ-யில் (தானாக பில்ட் ஓட்டும் சர்வர்; லினக்ஸ், எக்ஸ்64) ரோலப்புக்கு அந்தத் தளத்தில் தேவையான பைனரியான ‘@ரோலப்/ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-க்னூ’ மாட்யூல் கிடைக்கவில்லை என்று நிற்கிறது. அந்தப் பிழைச் செய்தியே ‘ஆப்ஷனல் டிபென்டென்சி விஷயத்தில் என்பிஎம்-இல் ஒரு பிழை இருக்கிறது, பேக்கேஜ்-லாக்.ஜேசன், நோட்_மாட்யூல்ஸ் இரண்டையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள்’ என்கிறது. முதலாவது, நிறுவிய பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைல்; இரண்டாவது, இறக்கிய பேக்கேஜ்கள் கிடக்கும் ஃபோல்டர். டீமில் பாதிப் பேர் அதைச் செய் என்கிறார்கள், மீதிப் பேர் லாக் ஃபைல்மேல் கை வைக்காதே என்கிறார்கள். எது சரி?

துடைப்பம்:
இதுல விவாதம் எதுக்கு? பிழைச் செய்தியே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்துட்டது. ரெண்டையும் அழிங்க, ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடிங்க, புது லாக் ஃபைலை கமிட் பண்ணுங்க. அஞ்சு நிமிஷ வேலை. லாக் ஃபைல் கருவி எழுதுற ஃபைல், மனுஷன் எழுதுறது பேக்கேஜ்.ஜேசன். கருவி எழுதினதை அழிச்சா கருவியே திரும்ப எழுதும்.

வேர்முடிச்சு:
கருவி எழுதும், ஆனால் அதையே எழுதாது. பேக்கேஜ்.ஜேசனில் இருப்பது பதிப்பு அல்ல, வரம்பு. ^1.2.3 என்றால் 1.2.3 முதல் 2.0.0-க்குக் கீழே எதுவும் வரலாம். ^0.2.3 என்றால் 0.3.0-க்குக் கீழே. அந்த வரம்புக்குள் எந்தப் பதிப்பை வைத்துச் சோதித்தோம் என்பது லாக் ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது. அதை அழித்தால் நேரடியாகக் கேட்ட பேக்கேஜ்கள் மட்டுமல்ல, அவற்றின் அடியில் தொங்கும் அத்தனையும் இன்றைய தேதிக்கு வரம்புக்குள் கிடைக்கும் புதிய பதிப்புக்கு நகரும். ஒரு ரோலப் பைனரி காணவில்லை என்பதற்காக மொத்த மரத்தையும் ஆட்டுவானேன்?

ஆபத்து கற்பனை அல்ல. 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் 0.7.29, 0.8.0, 1.0.0 ஆகிய மூன்றும் திருடப்பட்ட கணக்கிலிருந்து தீம்பொருளோடு வெளியாயின. 2022 ஜனவரியில் கலர்ஸ் 1.4.1-ஐ அதன் ஆசிரியரே முடிவில்லா லூப் வைத்து வெளியிட்டார். 2025 செப்டம்பரில் சாக், டீபக் (debug) உட்பட 18 பேக்கேஜ்கள் தீம்பொருளோடு வெளியாயின. மூன்று முறையும் அந்த நேரத்தில் லாக் ஃபைலோடு ‘என்பிஎம் சிஐ’ (லாக்கில் உள்ளதை மட்டும் இறக்கும் கட்டளை) ஓட்டியவர்களுக்குப் பழைய பதிப்பே வந்தது. லாக்கை அழித்துப் புதிதாகப் போட்டவர்கள்தான் வலையில் விழக்கூடியவர்கள்.

எதையும் அழிக்கும் முன் மூன்றைப் பாருங்கள். இரு இடத்திலும் ‘நோட் -வி’, ‘என்பிஎம் -வி’. ‘என்பிஎம் கான்ஃபிக் கெட் ரெஜிஸ்ட்ரி’ (பேக்கேஜ்கள் எந்த சர்வரிலிருந்து இறங்குகின்றன என்பது). பிறகு ‘என்பிஎம் கான்ஃபிக் கெட் ஆமிட்’. கடைசியானதில் ‘ஆப்ஷனல்’ என்று வந்தால் சிஐ-யே அந்தப் பைனரியை வேண்டாம் என்று ஒதுக்குகிறது. அப்போது லாக்கில் குறையே இல்லை.

நடுக்கோடு:
ஆமிட் காலி. ரெஜிஸ்ட்ரி இரண்டிலும் ஒன்றே. பதிப்புகளும் ஒன்றே. சிஐ-யில் ‘என்பிஎம் சிஐ’ தான் ஓடுகிறது.

துடைப்பம்:
அப்போ ‘என்பிஎம் சிஐ’ எத்தனை தடவை ஓட்டினாலும் அதே கதைதான். அது நோட்_மாட்யூல்ஸை வழிச்சுட்டு லாக்ல இருக்கிறதை அப்படியே இறக்கும். லாக்லயே லினக்ஸ் பைனரி இல்லைன்னா எங்கேருந்து வரும்? நோய் இருக்கிறதே லாக்லதான். வேர்முடிச்சு, நோயைப் பூட்டி வெச்சுக் காவல் காக்கச் சொல்றீங்க.

வேர்முடிச்சு:
இங்கே லாக்தான் கெட்டிருக்கிறது என்றால் ஒத்துக்கொள்கிறேன். எப்படிக் கெட்டது என்று கேளுங்கள். நோட்_மாட்யூல்ஸ் இருக்கும்போது லாக்கை மட்டும் அழித்துவிட்டு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடித்தால், என்பிஎம் ரெஜிஸ்ட்ரியிடம் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்காது. வட்டில் ஏற்கெனவே இருக்கும் மரத்தைப் பார்த்து லாக் எழுதும். மேக்கில் இருக்கும் மரத்தில் டார்வின்-ஆர்ம்64 பைனரி மட்டும்தான் இருக்கும், மற்றத் தளங்களுடையவை இறக்கப்பட்டே இருக்காது. ஆகவே எழுதப்படும் லாக்கிலும் அவை விடுபடும். அதாவது உங்கள் மருந்தை யாரோ பாதி கொடுத்ததால்தான் இந்த நோய்.

துடைப்பம்:
பாதி கொடுத்தது என் தப்பா? நான் ‘ரெண்டையும்’னு தெளிவாத்தான் எழுதியிருக்கேன்.

நடுக்கோடு:
ஒரு நிமிடம். லாக் ஃபைலில் ‘ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-க்னூ’ என்று கிரெப் செய்து தேடினேன், இருக்கிறதே!

முனையம்80:
பலர் ஏமாறும் இடம் அது. ரோலப்பின் சொந்தப் பதிவுக்குள் ‘ஆப்ஷனல்டிபென்டென்சிஸ்’ என்ற பட்டியல் வரும். அதில் எல்லாத் தளங்களின் பெயரும் எப்போதும் இருக்கும். அது ‘வேண்டும்’ என்ற பட்டியல், ‘இருக்கிறது’ என்ற பதிவு அல்ல. முன்னொட்டோடு சேர்த்துத் தேடுங்கள்: ‘நோட்_மாட்யூல்ஸ்/@ரோலப்/ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-க்னூ’. அந்தச் சாவியின் கீழே வெர்ஷன், ரிசால்வ்டு, இன்டெக்ரிட்டி மூன்றும் இருந்தால்தான் இறங்கும்.

நடுக்கோடு:
இல்லை. டார்வின்-ஆர்ம்64 மட்டும் இருக்கிறது.

முனையம்80:
அப்படியானால் அது எந்த கமிட்டில் காணாமல் போனது என்று கிட்டிடமே கேட்கலாம்:

‘கிட் லாக் -எஸ் "நோட்_மாட்யூல்ஸ்/@ரோலப்/ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-க்னூ" --ஒன்லைன் -- பேக்கேஜ்-லாக்.ஜேசன்’

இங்கே -எஸ் பெரிய எழுத்து. அந்தச் சரத்தின் எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் காட்டும். மேலே வருவது, அதாவது கடைசியாக மாறியது, பெரும்பாலும் குற்றவாளி. அதற்கு முந்தைய கமிட்டிலிருந்து லாக்கை மட்டும் எடுங்கள் (‘கிட் செக்அவுட் அந்தகமிட்~1 -- பேக்கேஜ்-லாக்.ஜேசன்’), நோட்_மாட்யூல்ஸை அழியுங்கள், பிறகு ‘என்பிஎம் இன்ஸ்டால்’. இடையில் பேக்கேஜ்.ஜேசனில் வரம்பு மாறி, பழைய லாக்கால் அதை நிறைவு செய்ய முடியாதவை மட்டும் நகரும். மற்றவை அசையாது. ஒரு எச்சரிக்கை: இடையில் யாராவது பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய ‘என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ்’ ஓட்டி லாக்கை மட்டும் மாற்றியிருந்தால் அந்தத் திருத்தமும் பின்னோக்கிப் போகும். டிஃபைப் பார்த்து அதை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

துடைப்பம்:
முதல் கமிட்லேருந்தே அந்தப் பதிவு இல்லைன்னா? நிறைய ப்ராஜெக்ட் அப்படித்தான் பிறக்குது. திரும்பிப் போக நல்ல லாக்கே கிடையாது. அப்ப அழிச்சுதானே ஆகணும்?

முனையம்80:
ஆமாம், அப்போது இரண்டையும் அழிக்கத்தான் வேண்டும். ஆனால் ‘என்பிஎம் இன்ஸ்டால் --பிஃபோர்=2025-03-01’ என்பது போல ஒரு தேதி கொடுங்கள். அந்தத் தேதிக்குப் பின் வெளியான எதையும் எடுக்காது. கடைசியாக நல்லபடியாக டிப்ளாய் ஆன நாளைக் கொடுத்தால் நகர்வு பெரிதும் குறையும்.

வேர்முடிச்சு:
குறையும், நிற்காது. பழைய லாக்கில் 4.1.0 இருந்து, அந்தத் தேதிக்குள் 4.3.0 வந்திருந்தால் 4.3.0 தான் வரும். பழைய லாக்குக்கு இது மாற்று இல்லை.

விடுபட்ட பைனரியைத் தங்கள் பேக்கேஜ்.ஜேசனிலேயே ‘ஆப்ஷனல்டிபென்டென்சிஸ்’ கீழே சேர்க்கும் வழியும் ஒன்று உண்டு. வேலை செய்யும். ஆனால் பதிப்பு ரோலப்பின் பதிப்போடு துல்லியமாகப் பொருந்த வேண்டும், ரோலப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் இதையும் ஏற்ற வேண்டும். யாராவது மறப்பார்கள். ‘டிபென்டென்சிஸ்’ கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள், மேக்கில் தளம் பொருந்தவில்லை என்று இன்ஸ்டாலே நின்றுவிடும்.

துடைப்பம்:
இவ்வளவு சுத்திட்டு வர்ற நேரத்துல நான் அழிச்சு, டெஸ்ட் ஓட்டி, மெர்ஜும் பண்ணிடுவேன். டெஸ்ட் நல்லா இருக்கிற ப்ராஜெக்ட்ல மரம் நகர்ந்தா என்ன? நகராம ரெண்டு வருஷம் பூட்டி வெச்சதாலதான் அப்புறம் ஒரேயடியா இடிஞ்சு விழுது. இன்னொண்ணு, லைப்ரரி எழுதுறவங்களைப் பத்தி யோசிச்சீங்களா? பேக்கேஜ்-லாக்.ஜேசன் பப்ளிஷ் ஆகாது. உங்க லைப்ரரியை இறக்குறவனுக்கு உங்க லாக் கிடைக்கவே போறதில்லை, அவனுக்கு வரம்பு மட்டும்தான். சிஐ-ல லாக்கோடவே ஓட்டிட்டு இருந்தா, பயனருக்கு உடையுறது உங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வேர்முடிச்சு:
லைப்ரரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மறுப்பில்லை. அதற்குத் தனி வேலையாக வாரம் ஒருமுறை ‘என்பிஎம் இன்ஸ்டால் --நோ-பேக்கேஜ்-லாக்’ ஓட்டுங்கள், அது லாக்கைப் படிக்கவும் செய்யாது, எழுதவும் செய்யாது. மெர்ஜைத் தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் தரட்டும். ரஸ்ட் உலகம்கூட 2023-இல் லைப்ரரிகளுக்கு கார்கோ.லாக்கை (அங்குள்ள லாக் ஃபைல்) கமிட் செய்யாதீர்கள் என்ற பழைய அறிவுரையைத் தளர்த்தியது. அங்கும் லாக்கோடு ஒன்று, புதிய பதிப்புகளோடு ஒன்று என்று இரண்டு ஓட்டம்தான் பரிந்துரை.

ஆனால் பதிப்பு ஏற்றுவது ஒரு வேலை, உடைந்ததைச் சரிசெய்வது வேறு வேலை. ஒரே கமிட்டில் இரண்டையும் கலந்தால் அடுத்த வாரம், உதாரணமாக, தேதி வடிவம் மாறிப்போனது எதனால் என்று ஆயிரக்கணக்கான வரி டிஃபில் தேட வேண்டும்.

சாம்பல்நிறம்:
துடைப்பம் அழிக்கும் விஷயத்தோடு நின்றால் பரவாயில்லை. ‘ஈரிசால்வ்’ (பதிப்பு நிபந்தனைகள் மோதும் பிழை) வந்தால் ‘--லெகஸி-பியர்-டெப்ஸ்’ கொடியைப் போடு என்று இன்னொரு இழையில் சொன்னவரும் இவரே. அதையும் இங்கே தீர்த்துவிடுவோம்.

துடைப்பம்:
சொன்னேன், இப்பவும் சொல்றேன். ஒரு லைப்ரரி எழுதினவன் பியர்ல (கூட எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு இருக்கணும்ங்கிற நிபந்தனை) ரியாக்ட் ^18-னு எழுதிட்டுத் தூங்கிட்டான். 19-ல அது நல்லாவே ஓடுது. அவன் எழுந்து வர்ற வரைக்கும் நான் காத்திருக்கணுமா?

வேர்முடிச்சு:
காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கொடி அந்த ஒரு லைப்ரரிக்கு மட்டும் பொருந்தாது. மரம் கட்டும்போது எல்லாப் பேக்கேஜின் பியர் நிபந்தனையையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். என்பிஎம் 3 முதல் 6 வரை எச்சரிக்கை மட்டும் தந்தது, 2020-இல் வந்த 7-தான் பியர்களைத் தானே நிறுவ ஆரம்பித்தது. கொடியைப் போட்டால் பழைய நடத்தைக்குத் திரும்புகிறீர்கள், யாரும் நேரடியாகக் கேட்காத பியர்கள் இறங்காமலே போகும். அதை என்பிஎம்-இன் அமைப்பு ஃபைலான .என்பிஎம்ஆர்சி-யில் நிரந்தரமாக எழுதிவிட்டால் அடுத்து வரும் உண்மையான மோதலும் சத்தமில்லாமல் உள்ளே நுழையும்.

குறுகிய வழி பேக்கேஜ்.ஜேசனில் வரும் ‘ஓவர்ரைட்ஸ்’ பகுதி, என்பிஎம் 8.3 முதல் உண்டு. அந்த லைப்ரரியின் பெயருக்குக் கீழே ரியாக்டுக்கு ‘$ரியாக்ட்’ என்று எழுதினால், நாம் நேரடியாகக் கேட்ட ரியாக்ட் பதிப்பையே அதுவும் ஏற்றுக்கொள்ளும். பொய்தான், ஆனால் ஒரு லைப்ரரியைப் பற்றிய பொய், ஃபைலில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. பிறகு ‘என்பிஎம் எக்ஸ்ப்ளெயின் ரியாக்ட்’ ஓட்டி ஒரே பிரதிதான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் ‘இன்வாலிட் ஹுக் கால்’ பிழையாக வந்து நிற்கும்.

துடைப்பம்:
ஓவர்ரைட்ஸ் எழுதியும் பழைய லாக் இருக்கிறதால எதுவுமே மாறாம நிக்கிறது உங்களுக்குத் தெரியாதா? கடைசில அங்கேயும் லாக்கை அழின்னுதான் வந்து நிக்குது.

முனையம்80:
அப்படி நிற்பது உண்டு. அந்த லைப்ரரியை மட்டும் ‘என்பிஎம் அன்இன்ஸ்டால்’ செய்து மறுபடி இன்ஸ்டால் செய்தால் அதன் பதிவு மட்டும் புதிதாக எழுதப்படும். முழு ஃபைலையும் தூக்க வேண்டியதில்லை.

சாம்பல்நிறம்:
கேஷ் பற்றி யாரும் பேசவில்லையே. ‘என்பிஎம் கேஷ் கிளீன் --ஃபோர்ஸ்’ போட்டுப் பார்த்தாயிற்றா?

முனையம்80:
இந்தப் பிழைக்கும் கேஷுக்கும் தொடர்பே இல்லை. என்பிஎம் 5 முதல் கேஷிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றையும் ஹாஷ் சரிபார்த்துத்தான் கொடுக்கிறது. சந்தேகம் இருந்தால் ‘என்பிஎம் கேஷ் வெரிஃபை’ போதும். ‘ஈஇன்டெக்ரிட்டி’ (இறங்கியதன் ஹாஷ் பொருந்தாத பிழை) வந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் லாக்கில் ‘ரிசால்வ்டு’ எந்த முகவரியைக் காட்டுகிறது என்று பாருங்கள், நடுவில் நிற்கும் மிரர் (ரெஜிஸ்ட்ரியின் நகல் சர்வர்) வேறு டார்பாலை (பேக்கேஜ் கட்டு) கொடுத்திருக்கலாம். இன்டெக்ரிட்டி வரியை அழித்துவிட்டுத் தொடர்வதை மட்டும் செய்யாதீர்கள். அது பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றிவைப்பது.

நடுக்கோடு:
கிட் லாக் ஒரு கமிட்டைக் காட்டியது. மெர்ஜ் மோதலைத் தீர்க்க லாக்கை மட்டும் அழித்துப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். முந்தைய லாக்கை எடுத்து, நோட்_மாட்யூல்ஸை அழித்து இன்ஸ்டால் செய்ததில் ரோலப்பின் மற்றத் தளப் பதிவுகள் திரும்பிவிட்டன. அவை தவிர நகர்ந்தவை இரண்டே பேக்கேஜ், இரண்டும் நாங்களே வரம்பு மாற்றியவை. சிஐ பச்சை.

வேர்முடிச்சு:
மெர்ஜ் மோதலுக்கு அழிக்கவே வேண்டாம். பேக்கேஜ்.ஜேசனில் உள்ள மோதலை மட்டும் கையால் தீர்த்துவிட்டு ‘என்பிஎம் இன்ஸ்டால் --பேக்கேஜ்-லாக்-ஒன்லி’ ஓட்டுங்கள். மோதல் குறிகளோடு கிடக்கும் லாக்கையும் அது படித்து ஒன்று சேர்க்கும்.

துடைப்பம்:
சரி, இந்தத் தடவை உங்க வழியில லேசா முடிஞ்சது. மெர்ஜ் பண்ணினவர் ரெண்டையும் சேர்த்து அழிச்சிருந்தா இந்த இழையே இருந்திருக்காதுங்கிறதையும் எழுதி வெச்சுக்கோங்க.

முனையம்80:
நடுக்கோடு, இன்னொன்று. உங்கள் டாக்கர் இமேஜ் ஆல்பைன் என்றால், அந்த லினக்ஸ் வகையின் சி லைப்ரரி மஸ்ல் என்பதால், அங்கே தேவைப்படுவது க்னூ அல்ல, ‘ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-மஸ்ல்’. லாக்கில் அந்தச் சாவியும் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இமேஜுக்குள் போகக் கூடாதவற்றைப் பட்டியலிடும் .டாக்கர்இக்னோரில் நோட்_மாட்யூல்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ‘என்பிஎம் சிஐ’க்குப் பிறகு வரும் காப்பி வரி மேக்கின் பைனரியைக் கொண்டுபோய் மேலே கொட்டும்.

நடுக்கோடு:
மஸ்ல் இருக்கிறது. .டாக்கர்இக்னோர் ஃபைலே இல்லை. சேர்க்கிறேன்.