ஸ்டேட், ஃபெடரல் இரண்டு தண்டனை, நடுவில் மூட் (இனித் தீர்ப்புச் சொல்லியும் பயனில்லை என்ற நிலை) ஆன அப்பீல்: உங்கள் அனுபவம்?

டெக்சஸ்வாசி:
என் மச்சான் விஷயம். ஸ்டேட் கேஸில் உள்ளே இருந்தவரை ரிட் (ஆளை அனுப்பச் சொல்லும் கோர்ட் உத்தரவு) போட்டு ஃபெடரல் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டும் ஒரே சம்பவத்தில் வந்த கேஸ், ஆனாலும் இரண்டு தண்டனையும் ஏககாலத்தில் ஓடட்டும் என்று ஃபெடரல் ஜட்ஜ் சொல்லவில்லை. ஃபெடரல் சட்டத்தில் 3584ஆம் பிரிவு தெரியுமே, அவர் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றன்பின் ஒன்றுதான். அப்பீல் போட்டோம். பிரீஃப் (எழுத்து வாதம்), அவகாசம், பதில் பிரீஃப், மறுபடி அவகாசம் என்று இழுத்து, ஆளே தண்டனையை முழுசாக அனுபவித்து வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம்தான் உத்தரவு, மூட் என்று தள்ளுபடி. வக்கீல் ஸ்பீக்கரில் படித்துக்காட்ட, மச்சான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "அப்ப நாம சொன்னது சரியா தப்பா?" என்று கேட்டார். "கோர்ட் அதற்குள்ளேயே போகவில்லை" என்றார் வக்கீல்.

கோர்ட்வராண்டா:
சூப்பர்வைஸ்டு ரிலீஸ் (விடுதலைக்குப் பின் கண்காணிப்புக் காலம்) பாக்கி இருந்திருந்தால் மூட் ஆகியிருக்கக் கூடாது, உங்கள் வக்கீல் கோட்டைவிட்டார். 2000ல் ஜான்சன் வழக்கில், கூடுதலாக உள்ளே இருந்த நாள் அந்தக் காலத்தில் தானாகக் கழியாது என்று சொன்ன சுப்ரீம் கோர்ட்டே, விசாரணை ஜட்ஜ் நினைத்தால் 3583(e) பிரிவில் அதைக் குறைக்கலாம் என்றும் சொன்னது. நான் பாராலீகலாக (வக்கீலின் உதவியாளராக) இருந்த ஒரு அப்பீல் அதில்தான் பிழைத்தது. வாதத்தில் முதல் கேள்வியே, "உங்கள் கட்சிக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்?" எங்கள் வக்கீல் கையில் இருந்த காகிதம் ஆடியது.

டெக்சஸ்வாசி:
சூப்பர்வைஸ்டு ரிலீஸே போடவில்லை சார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

நியூஜெர்சிக்காரி:
ஜான்சனைக் காட்டினால் எல்லா இடத்திலும் வேலைக்காகாது. தேர்ட் சர்க்யூட் (எங்கள் பகுதி ஃபெடரல் அப்பீல் கோர்ட்) 2009ல் பர்கி வழக்கில், குறைப்பார்கள் என்பது வெறும் ஊகம் என்று மூட் ஆக்கியது. அது ஹேபியஸ் (சிறைவைப்பை எதிர்க்கும் தனி) மனு, நேரடி அப்பீல் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.
என் தம்பிக்கு நடந்தது தலைகீழ். ஃபெடரல் தண்டனை முதலில் வந்தது, பிறகு ஸ்டேட் ஜட்ஜ் ஏககாலத்தில் அனுபவிக்கட்டும் என்றார், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். அந்த உத்தரவு பிரிசன்ஸ் பீரோவை (ஃபெடரல் சிறைத்துறை) கட்டுப்படுத்தாது என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.
அதனால் யாருடைய ஆளாவது உள்ளே இருந்தால் அப்பீலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஸ்டேட் சிறையையே ஃபெடரல் தண்டனை கழிக்கும் இடமாகப் பின்தேதியிட்டுக் குறிக்கச் சொல்லி பீரோவுக்கு எழுதுங்கள், அதற்கான பிரிவு 3621(b). டெக்சஸ் கிராண்ட் பிரெய்ரியில் உள்ள பீரோ அலுவலகத்தில்தான் தண்டனை நாள் கணக்குப் போடுகிறார்கள். 1990 பார்டன் தீர்ப்புப்படி மனுவைப் பரிசீலித்தே ஆகவேண்டும், தரவேண்டும் என்று கட்டாயமில்லை. தண்டனை கொடுத்த ஃபெடரல் ஜட்ஜிடம் அபிப்பிராயம் கேட்பார்கள், அவருக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஸ்டேட் கணக்கில் கழிந்த காவல் நாளை ஃபெடரல் தண்டனையிலும் கழிக்கக் கேட்காதீர்கள், 3585(b) பிரிவு ஒரே நாளை இரண்டு தடவை தராது. அப்பீல் போட்ட அன்றே விரைவு விசாரணை மனுவும் போடச் சொல்லுங்கள், தண்டனை சின்னதாக இருந்தால் முக்கியமாக.

கோர்ட்வராண்டா:
அவர் மச்சான் வீட்டுக்கு வந்தாச்சு அம்மா, இவ்வளவும் யாருக்கு?

நியூஜெர்சிக்காரி:
படிக்கிறவர்களில் இன்னும் வராதவர் வீட்டு ஆட்களுக்கு.