கவனிக்கப்படாத ஆல்பங்கள், பின்னால் இருந்த தயாரிப்பாளர்கள்: நல்ல புத்தகம் சொல்லுங்க

நண்பர்களே, ஒரு உதவி. ஜோ பாய்ட் எழுதின 'வைட் பைசிக்கிள்ஸ்' (2006) படிச்சதுல இருந்து ஒரே பித்தா இருக்கு. ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கோட முதல் ஆல்பத்தை 1969-ல தயாரிச்சவர் இவர். அப்போ அதை யாரும் பெருசா வாங்கல. 1974-ல, 26 வயசுல டிரேக் இறந்து பல வருஷம் கழிச்சுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த மாதிரிக் கதைகள்தான் வேணும்.

பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினோட சுயசரிதை படிச்சாச்சு. ஆல்பத்துக்கு ஒரு குட்டிப் புத்தகம்னு 2003-ல தொடங்கின '33 1/3' வரிசையும் தெரியும். ஆனா எழுதுறவரைப் பொறுத்து தரம் ஏறி இறங்குது. சிலது வெறும் ரசிகர் கடிதம்!

நான் தேடுறது ஸ்டுடியோவுக்குள்ள நடந்தது: மைக்கை எங்க வச்சாங்க, எந்த டேக்கை ஏன் தூக்கிப் போட்டாங்க, பாடகரோட எங்க முட்டிக்கிச்சு. குறிப்பா ஜோ மீக் (லண்டன்ல வீட்டையே ஸ்டுடியோவாக்கி 1962-ல 'டெல்ஸ்டார்'ங்கிற இசையைப் பதிவு பண்ணின மனுஷன்), ஜமைக்காவோட ரெக்கே தயாரிப்பாளர் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரி, ஜெர்மன் தயாரிப்பாளர் கானி பிளாங்க். இவங்களைப் பத்தி எதை முதல்ல எடுக்கலாம்?

ஆல்பத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குற பட்டியல் புத்தகம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். ஆடியோ புத்தகமா இருந்தாலும் சரி.